தீவகத்துத் தோம்பேடும் குடியானவன் பெயரும்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன மன்னர் பெயர்களும் போர்க்களங்களும் கோயிற்கோபுரங்களுமே. ஆயின் ஒரு நாட்டின் எளிய மக்கள் எதை உழுதனர், எவ்வளவு விளைத்தனர், அதில் எவ்வளவைக் கொடுத்துவிட்டு எஞ்சியதை உண்டனர் என்று அறிய விரும்புவார்க்கு மெய்க்கீர்த்திகள் பெரிதும் உதவா. அவர்கள் வரிக்கணக்கையே நாட வேண்டும். மன்னனைப் புகழ எழுதிய கல்லில் அவன் வென்ற நாடுகளின் பெயர் காண்போம். வரி வாங்க எழுதிய ஏட்டிலோ ஓர் உழவனின் பெயரும், அவன் கொல்லையின் பரப்பும், அதில் நின்ற பனைகளும் காண்போம்.

நிலத்தை அளந்து எழுதி வைக்கும் கலையில் தமிழர் பிறருக்குப் பிற்பட்டவர் அல்லர். முதலாம் இராசராசன் காலத்தில், கி. பி. 1001-ஐ ஒட்டிச் சோழநாடு முழுவதும் அளக்கப்பட்டது. புரவுவரித் திணைக்களம் என்ற பெயரில் நிலவரிக்கென்றே ஒரு துறை சோழர் ஆட்சியில் இயங்கியது. வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரியையும் முந்நூற்றிருபதாகப் பகுத்துக் கீழ்முந்திரி என்று கணக்கிட்டனர். இவையெல்லாம் நம்மில் பலரும் படித்தறிந்தவை. நம்மவர் அதிகம் அறியாத ஒரு வரிக்கணக்கைப் பற்றி ஈண்டுக் கூற விழைகின்றேன். அது யாழ்ப்பாணத்துத் தீவுகளில் வழங்கிய தோம்பேடு. கங்கை கடலொடு கலக்கும் வங்கத்துத் தீவுகளுக்கு அண்மையில் வாழும் நாம், பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள நம் இனத்தார் தீவுகளின் கணக்கை ஒப்பிட்டு நோக்குவோமாயின், நமக்கும் பயன்படும் உண்மை ஒன்று புலப்படும்.

தீவுகளும் அவற்றின் பழைய கணக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே வேலணை, ஊர்காவற்றுறை, மண்டைதீவு, காரைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்னும் ஊர்களும் தீவுகளும் உள்ளன. இவற்றுள் காரைதீவு இன்று காரைநகர் எனப்படும். இங்கே ஆறு இல்லை, மலை இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண். மழை பெய்தால் வயல். மழை பொய்த்தால் கிணறு. அதுவும் உவர்த்தால் பனைமரமே துணை. நெல்லைவிட வரகும் சாமையுமே பல இடங்களில் மக்கள் உணவாயின. இத்தகைய வறண்ட மண்ணுக்கும் மதிப்பிட்டு வரி விதித்தனர் என்பதே நம் வியப்புக்குரியது.

இத்தீவுகளில் அரசின் வருவாய் பற்றிய மிகப் பழைய எழுத்து ஒன்று நயினாதீவிலே கல்லில் உள்ளது. கி. பி. 12-ஆம் நூற்றாண்டில் இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது, தமிழிலே பொறிக்கப்பட்டுள்ளது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு; வாணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு என்று அது வகுத்துரைக்கின்றது. ஊர்காவற்றுறைத் துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டு வணிகரை ஆதரிக்கும் நோக்கமும் அதில் கூறப்படுகின்றது. அரசன் கொள்ளும் பங்கு எது, குடிமகனுக்கு எஞ்சும் பங்கு எது என்பதைப் பலரும் அறிய எழுதி நாட்டுதல் அரசனுக்கும் ஒரு கட்டுப்பாடு அன்றோ? இக்கருத்தை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

தோம்பு என்னும் சொல்

1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொலையுண்டான். நாட்டைப் பிடித்தவர்க்கு அடுத்து எழுந்த கேள்வி, இந்நாடு ஆண்டுக்கு எவ்வளவு தரும் என்பதே. இலங்கையின் தென்மேற்கே கோட்டை அரசின் ஊர்களையெல்லாம் அவர்கள் 1614-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே கணக்கெடுத்திருந்தனர். அக்கணக்கேட்டுக்கு அவர்கள் மொழியில் 'தொம்பு' என்று பெயர். இலிசுபன் நகரத்து அரசு ஆவணக் காப்பகம் இன்றும் 'தோரே தொ தொம்பு', அதாவது தோம்புக் கோபுரம், என்றே வழங்குகின்றது. அச்சொல்லே ஈழத்துத் தமிழில் தோம்பு ஆயிற்று.

யாழ்ப்பாணத்துக்கு 1645-இல் எழுதப்பட்ட கணக்கு ஒன்று போர்த்துக்கேய ஆவணங்களிடையே கிடைத்தது. இலங்கை அறிஞர் பி. ஈ. பீரிஸ் அதனை ஆராய்ந்து 1920-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அடுத்து வந்த ஒல்லாந்தர், 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியபின், முன்னவர் கணக்கை அப்படியே நம்பிவிடவில்லை. 1670-களில் நிலங்களைப் புதிதாக அளந்தெழுதுவித்தனர். அவர்கள் வணிகக் கூட்டத்தார்; ஒரு காசும் கணக்கில் தவறக் கூடாது என்னும் கொள்கையினர். காணிகளை எழுதியது நிலத்தோம்பு. அக்காணிகளில் வாழ்ந்த குடும்பத்தாரை எழுதியது தலைத்தோம்பு. திருமுழுக்கும் திருமணமும் பள்ளிப் பிள்ளைகளின் பெயரும் எழுதியது பள்ளித்தோம்பு. மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் ஊரின் வாழ்வு முழுவதும் கண்முன் நிற்கும்.

கோயிற்பற்று

குடாநாடு வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என நான்கு பெரும் பிரிவாகவும், தீவுகள் தனித்தொகுதியாகவும் வகுக்கப்பட்டன. இவற்றுக்குள் பல ஊர்களைச் சேர்த்து ஒரு கிறித்துவக் கோயிலைச் சார்த்தி, அத்தொகுதியைக் கோயிற்பற்று என்று அழைத்தனர். பற்று என்பது பழந்தமிழ் ஆட்சிப் பிரிவின் பெயர்; அதன்மேல் பறங்கியர் தம் கோயிலை ஏற்றினர். பாதிரியார் ஆன்மாக்களைக் கணக்கிட்ட எல்லையும் அதிகாரி பணத்தைக் கணக்கிட்ட எல்லையும் ஒன்றாயின. ஒல்லாந்தர் அதே கட்டடங்களைத் தம் சபைக் கோயிலாகவும் பள்ளியாகவும் மாற்றிக் கொண்டனர். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பால்டியஸ் பாதிரியார், 1672-இல் அச்சான தம் நூலில், இக்கோயில்களைப் படத்துடன் விரித்துரைத்துள்ளார்.

ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பர்க் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ட் ஆயிற்று. இவற்றுள் கடைசிப் பெயர் ஒன்றே ஆங்கிலத்தில் இன்றும் பரவலாக வழங்குகின்றது. தீவார் நாவில் அன்றும் இன்றும் அது நெடுந்தீவே. ஒல்லாந்தர் கோயில்கள் பல இடிந்து பாழாயின. சைவக் கோயில்கள் மீண்டும் எழுந்தன. எனினும் யாழ்ப்பாணத்தில் இன்று எழுதப்படும் காணி உறுதிகளிலும் 'இன்ன கோயிற்பற்று' என்னும் சொல் இடம்பெறுகின்றது. ஆட்சிகள் மறைந்தன, வரிக்காகக் கீறிய கோடு மறையவில்லை.

மண்ணை மதிப்பிட்ட முறை

தோம்பில் ஒரு காணிக்கு முதலில் அதன் பெயர். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. கலட்டி, வளவு, தோட்டம், புலம், அடைப்பு என்று முடியும் அப்பெயர்களே கல்லும் கரம்பும் எங்கே, குடியிருப்பு எங்கே, இறைப்புத் தோட்டம் எங்கே என்று சொல்லிவிடும். அடுத்து, உடையவர் பெயர், பங்காளர் பெயர். அடுத்து, பரப்பு. அதன்பின், அந்நிலம் தரவேண்டிய இறை.

பரப்பை எழுதிய முறை நுட்பமானது. நீளம் அகலம் என்பதைவிட, அதில் எவ்வளவு விதை விதைக்கலாம் என்பதே அளவுக்கு அடிப்படை. மேட்டு நிலத்தை வரகு விதைப்பாலும், தாழ்ந்த நிலத்தை நெல் விதைப்பாலும் கூறினர். பிற்காலத்தில் வரகு விதைப்புப் பரப்பு 16 சேர்ந்தது ஓர் ஏக்கர் என்று வரையறுக்கப்பட்டது. நெல் விதைப்புப் பரப்பின் அளவு வேறு. இன்றும் யாழ்ப்பாணத்து உறுதிகளில் 'வரகு விதைப்பு', 'நெல் விதைப்பு' என்னும் குறிப்பைக் காணலாம். வரகு விதைப்பதே அரிதாகிவிட்ட இக்காலத்திலும், மாடிவீடு கட்டிய மனையை வரகு விதைப்பால் அளந்து விற்கின்றார்கள்! அளவே மதிப்பாகவும் அமைந்தமையால், உழவன் தன் நிலத்துக்கு எழுதிய கணக்குச் சரியா தவறா என்பதைத் தன் விதைக்கடகத்தைக் கொண்டே சோதித்துக்கொள்ள முடிந்தது. அதிகாரிக்கு மட்டும் விளங்கும் கணக்கு அன்று அது.

இனி வரியின் வகைகள். நிலத்துக்கு நிலவரி; விளைவில் பத்திலொன்று; ஆளுக்குத் தலைவரி; அதிகாரிக்கென்று அதிகாரி வரி. இவற்றுக்குமேல் ஊழியம் என்னும் கட்டாய வேலை. அதற்குக் கட்டுப்பட்டவன் ஆண்டில் பன்னிரண்டு நாள் கூலியின்றி உழைக்க வேண்டும். காரைதீவு முதலிய இடங்களில் சாயவேர் தோண்டி ஒல்லாந்தக் கும்பினியாருக்கே கொடுக்கும் கடமையும் ஒரு சாராருக்கு இருந்தது. துணிக்குச் செந்நிறம் ஏற்றும் அவ்வேர் அன்று பெரும்பொருள். வரி தண்டியவர் மயோரல் என்னும் ஊர்த்தலைவர், கணக்கெழுதியவர் கணக்கப்பிள்ளை. பெயர் போர்த்துக்கேயம், ஆட்கள் நம்மவரே.

ஏட்டில் எழுதிய இறை தெளிவானது. விளைவில் வாங்கிய பத்திலொன்றோ அவ்வளவு தெளிவானது அன்று. அதனை அரசு தானே தண்டாமல் ஆண்டுதோறும் ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர் வந்து பயிரை மதிப்பிடும்வரை உழவன் அரிவாளை எடுத்தல் இயலாது. கதிர் முற்றி உதிரும் காலத்தில் குத்தகைகாரர் ஒருநாள் தாழ்த்தினும் நட்டம் யாருக்கு? ஆகவே அவர் சொன்னதே மதிப்பு என்றாயிற்று. எழுதி நிலைத்த வரி பாரமாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டுதோறும் ஒருவன் கண்மதிப்பால் கூறும் வரிக்கு எல்லை இல்லை. வரியின் அளவைவிட அதன் நிச்சயமின்மையே குடியானவனை அதிகம் வாட்டுவது என்பதை இது தெளிவாக்கும்.

ஏட்டின் இருண்ட பக்கம்

தோம்பைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் நேர்மை ஆகாது. நிலத்தை எழுதிய அதே கை சாதியையும் எழுதியது. இன்னார் இன்ன ஊழியத்துக்கு உரியவர் என்று தலைத்தோம்பில் எழுதியபின், அவர் மகனும் பேரனும் அவ்வூழியத்திலிருந்து தப்புதல் அரிதாயிற்று. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தோரோ உடைமையாகக் கணக்கிடப்பட்டனரேயன்றி உடையவராக எழுதப்படவில்லை. அவர்கள் உழுத மண் வேறொருவர் பெயரில் இருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றும் ஒழிந்தது 1844-இல்தான். அதன்பின்னும் நிலமின்றி நின்ற அம்மக்களின் துயருக்கு, அவர்கள் முன்னோர் பெயர் காணிக்கு நேரே எழுதப்படாமையும் ஒரு காரணம் எனலாம். ஏடு ஒருவனுக்குக் காப்பாகவும் மற்றொருவனுக்குத் தளையாகவும் இருந்தது. எழுதப்பட்டவன் யார், எந்தப் பத்தியில் எழுதப்பட்டான் என்பதே வேறுபாடு.

வரிக்கணக்கு உரிமைச் சான்றானமை

எனினும், வரி வாங்குதற்கென்று அந்நியர் எழுதிய ஏட்டைக் குடிமக்கள் மெல்ல மெல்லத் தம் உடைமையாக்கிக் கொண்டமையே இவ்வரலாற்றில் நாம் போற்றத்தக்க பகுதி. 'இந்நிலத்துக்கு நான் வரி கட்டுகின்றேன். என் பெயர் தோம்பில் உள்ளது. ஆகவே இந்நிலம் எனது' என்று வழக்குரைக்கலாயினர். எவன் கொடுக்கக் கடவன் என்று எழுதியது, எவன் உடையவன் என்பதற்குச் சான்றாக மாறியது. இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதுவோர் இதனை எளிதில் உணர்வர். சரக்குச் சீட்டு கூலி வாங்குதற்கு எழுதப்படுவதுதான். ஆயினும் சரக்கு யாருடையது என்று வழக்கு வருமிடத்து அச்சீட்டில் உள்ள பெயரே பேசும்.

யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்தெழுதுமாறு ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்ஸ் பணித்தார். அங்கு நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசக்ஸ் என்பார் 1707-இல் அத்தொகுப்பை முடித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் படித்து ஒப்பியபின்னரே ஏற்கப்பட்டது. அதுவே தேசவழமை. முன்னோர் வழிவந்த முதுசொம், பெண்ணுக்கு வந்த சீதனம், கணவனும் மனைவியும் ஈட்டிய தேடியதேட்டம் என்று சொத்தை மூவகையாக்கி, ஒற்றி, வாரம், ஈடு முதலியவற்றுக்கும் முறை வகுத்தது. ஒற்றி என்றால், கடன் கொடுத்தவன் வட்டிக்கு ஈடாக நிலத்தின் பயனைக் கொள்வது.

நிலத்தை விற்பதற்கு அது கூறிய முறை நம் கருத்துக்குரியது. விற்க விரும்புவோன் முதலில் உரிமைக்காரர், பங்காளர், அயற்காணியாளர் ஆகியோர்க்கு அறிவித்தல் வேண்டும். ஒல்லாந்தர் காலத்தில், அந்நிலம் உள்ள கோயிற்பற்றின் கோயிலிலே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து அவ்விற்பனையைப் பலர் கேட்கக் கூறவேண்டும் என்ற விதி ஏற்பட்டது. மறுப்பவன் அப்போதே மறுக்கலாம். வேலணையிலோ புங்குடுதீவிலோ ஒரு துண்டுக் காணி கைமாறினாலும் ஊரார் அறியாமல் கைமாறாது. கள்ள உறுதிக்கு இதைவிடச் சிறந்த மருந்து உண்டோ? ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் ஒழுங்குவிதியால் தேசவழமைக்குச் சட்ட வலிமை அளித்தனர். திருத்தங்களுடன் இன்றும் அது நடைமுறையில் உள்ளது.

ஆங்கிலேயர் தவறிய இடம்

1795 செப்டம்பரில் யாழ்ப்பாணம் ஆங்கிலக் கும்பினியார் வசமாயிற்று. அவர்கள் சென்னையிலிருந்து ஆண்டனர். இராபர்ட் ஆண்ட்ரூஸ் என்னும் சென்னை அதிகாரி, இலங்கையில் முதலிமாரை விலக்கிச் சென்னை மாகாணத்திலிருந்து ஆமில்தார்களைக் கொண்டுவந்து வரி தண்டச் செய்தார். தென்னை மரங்களுக்கும் வரி விதிக்கப்பட்டது. வந்தவர் சிலர் தமிழரே. ஆயினும் அவ்வூர் வழமை அறியாதவர், ஆண்டிறுதிக்குள் முதலைத் திரட்டும் நோக்கினர். 1797-இல் நாடெங்கும் கலகம் மூண்டது. டி மியூரன் தலைமையில் அமைந்த குழு விசாரித்தபின் பழைய முறைக்கே மீண்டனர். மொழி ஒன்றாயினும் ஊர்க்கணக்கு அறியாதவன் தண்டும் வரி நிலைக்காது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தானிய வரி மட்டும் ஆங்கிலேயர் காலத்தும் நெடிது நீடித்தது. அமானி, குத்தகை என்னும் முறைகள் மாறி, 1878-இல் வந்த சட்டம் விளைவுக்குப் பதில் பணமாகவே கட்டுமாறு விதித்தது. விளையாத ஆண்டிலும் பணம் கட்ட வேண்டியிருந்தமையால் இலங்கையின் பல பகுதிகளில் உழவர் நிலங்கள் ஏலம் போயின. அச்செய்தி இங்கிலாந்து வரை எட்டிப் பெருங்கிளர்ச்சி ஆயிற்று. தேசாதிபதி ஹாவ்லக் காலத்தில், 1893 தொடக்கத்திலிருந்து அவ்வரி நீங்கியது.

வங்கத்துத் தீவுகள்

இனி, நாம் வாழும் நாட்டுக்கு வருவோம். 1765-இல் திவானி உரிமை பெற்ற கும்பினியார், வங்கத்தில் வரியை ஏலத்துக்கு விட்டும் ஆண்டுதோறும் மாற்றியும் பார்த்தபின், 1793 மார்ச்சு 22-இல் நிலையான நிலவரித் திட்டத்தை அறிவித்தனர். காரன்வாலிஸ் பிரபு அதன் ஆசிரியர். ஜமீன்தார் கட்டவேண்டிய தொகை என்றென்றைக்கும் எழுதப்பட்டது. குறித்த நாளில் கதிரவன் மறைவதற்குள் கட்டாவிடில் ஜமீன் ஏலத்துக்கு வரும். ஆனால் நிலம் அளக்கப்படவில்லை. உழுதவன் பெயர் எழுதப்படவில்லை. அவன் ஜமீன்தாருக்குக் கொடுக்கவேண்டிய வாரத்துக்கு எல்லையும் எழுதப்படவில்லை. அரசின் பங்கு மட்டும் நிலைத்தது. குடியானவன் பங்கு நிலையாது போயிற்று. உழவனின் உரிமைப் பதிவேட்டுக்குச் சட்டம் வழி செய்தது 1885-இல். இடையில் கழிந்த 92 ஆண்டுகளில் மூன்று தலைமுறை மண்ணோடு மண்ணாயின.

சுந்தரவனத் தீவுகளின் கதை இன்னும் துயரமானது. 1829, 1830-ஆம் ஆண்டுகளில் டாம்பியர், ஹாட்ஜஸ் என்னும் இருவர் காட்டின் எல்லையை வரையறுத்தனர். காடு 'லாட்' என்னும் எண்ணிட்ட கூறுகளாக்கப்பட்டுக் கல்கத்தாச் செல்வர்க்கு விடப்பட்டது. லாட்தார் தாம் அங்கே செல்லார், சக்தாருக்கு விடுவார், அவர் பின்னும் ஒருவருக்கு விடுவார். புலிக்கும் முதலைக்கும் இடையே காட்டை வெட்டி, உவர்நீர் புகாமல் கரை கட்டி, மண்ணை விளைநிலமாக்கியவனின் பெயர் எந்த ஏட்டின் எந்த வரியிலும் இல்லை. லாட்டுக்கு எண் உண்டு. மனிதனுக்குப் பெயர் இல்லை! நம் ஜாதவ்பூர் வழியாகச் செல்லும் தென்பகுதி வண்டிகள் எட்டும் காக்துவீப்பில் 1946, 47-இல் தேபாகாப் போராட்டம் கனன்றது. விளைவில் மூன்றில் இரண்டு பங்கு உழவனுக்கு என்பதே அதன் முழக்கம்.

1953-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மேற்கு வங்கத்தில் ஜமீன்தாரி ஒழிந்தது. அப்போதும் வாரக்குடியின் பெயர் ஏறவில்லை. 1978-இல் தொடங்கிய வாரக்குடிப் பதிவு இயக்கத்தில் அதிகாரிகள் ஊருக்கே சென்றனர். மாலை நேரத்தில் கூட்டம் கூட்டி, யார் எந்த நிலத்தை உழுகின்றார் என்று ஊரார் முன்னிலையில் கேட்டு எழுதினர். ஏறத்தாழ 14 இலட்சம் வாரக்குடிகளின் பெயர் இவ்வாறு பதிவாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஊர் கேட்கக் கூறிய யாழ்ப்பாணத்து முறையையே இது நினைவூட்டுகின்றது. பலர் அறிய எழுதிய எழுத்துக்கே வலிமை அதிகம்.

இது கீழைநாட்டுக் கதை மட்டும் அன்று. ஸ்காட்லாந்தின் மேலைக் கடல் தீவுகளிலும், 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கோயிற்பற்றுத்தோறும் வாடகை மதிப்பேடு ஆண்டுதோறும் எழுதப்பட்டது. உடையவர், குடிக்கூலிக்காரர், குடியிருப்பவர், ஆண்டு வாடகை என்று பத்திகள் உண்டு. ஆனால் ஆண்டு வாடகை 4 பவுனுக்குக் குறைந்த சிறு குடிகளின் பெயரை எழுதியே ஆகவேண்டும் என்பதில்லை. ஏழையின் பெயரே முதலில் விடப்படுவது உலகியற்கை போலும்! ஸ்கை தீவில் 1882-இல் குடிகள் கிளர்ந்தெழுந்த பின்னரே விசாரணைக் குழு அமைந்தது; 1886-இல் நியாய வாடகையும் நிலைத்த குடியுரிமையும் சட்டமாயின.

நாம் கொள்ளத்தக்கது

இக்கணக்குகளையெல்லாம் ஒப்பு நோக்கினால் தெளிவாவது ஒன்று. வரி கனமா இலேசா என்பது பின்னர் எழும் கேள்வி. ஏட்டில் யார் பெயர் உள்ளது என்பதே முதற்கேள்வி. புங்குடுதீவின் கலட்டி நிலத்தில் வரகு விதைத்தவனிடம் ஒல்லாந்தன் கடுமையாகவே வரி வாங்கினான். ஆயினும் அவன் பெயரை எழுதினான். அவன் பேரர் அவ்வெழுத்தைப் பற்றிக்கொண்டு நின்றனர். வங்கத்தில் உழவன் பெயர் எழுதப்படாமையால் அவன் பேரர் பற்றிக்கொள்ள எதுவும் இல்லாதாயினர். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பது பழமொழி. எழுதா உரிமைக்கும் அது பொருந்தும்.

இன்று தீவகத்தார் நிலை என்ன? போரின் காரணமாக 1990-களின் தொடக்கத்தில் அவர்களுட் பெரும்பாலோர் ஊரைவிட்டு நீங்கினர். உறுதிகளை எடுக்கவும் நேரமின்றி ஓடினோர் பலர். பத்தாண்டு இடையீடின்றி ஆண்டவன் காணிக்கு உரிமை கோரலாம் என்னும் சட்டம் அங்கு உண்டு. அதனால் ஊர் திரும்பாதோரின் காணி பறிபோகும் அச்சம் எழுந்தது. 2016-இல் இலங்கைப் பாராளுமன்றம் ஒரு தனிச்சட்டம் இயற்றி, போரினால் தம் உரிமையைக் காக்க இயலாது போனோர்க்கு அக்காலக் கணக்கிலிருந்து விலக்கு அளித்தது. கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் காலத் தோம்பேடுகள் பேணப்படுகின்றன. ஒல்லாந்தக் கும்பினியாரின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அன்பர்களே, நாமும் ஊரை விட்டு வந்தவர்களே. உத்தியோகத்தின் பொருட்டு வந்தோம்; போரினால் அன்று. எனினும் தஞ்சையிலோ திருநெல்வேலியிலோ பாட்டனார் பெயரில் ஒரு வீடும் இரண்டு மா நிலமும் பலருக்கு இருக்கக்கூடும். சர் தாமஸ் மன்றோ காலந்தொட்டு நம் தமிழ்நாட்டில் குடியானவன் பெயரிலேயே பட்டா எழுதும் இரயத்துவாரி முறை நிலைத்தது; வங்க உழவன் பெறாத பேறு அது. அதனை நாம் பேணுகின்றோமா? 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் நேர்ந்த பெயர்ப் பிழைகளுக்கு இன்றுவரை திருத்த மனுக்கள் கொடுத்து வருகின்றனர். ஊர்க் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தபின், 'அது இன்னார் கொல்லை' என்று வாய்மொழியாகச் சொல்லும் பழைய மனிதரும் குறைந்து வருகின்றனர்.

இக்குடியிருப்பைச் சுற்றியுள்ள அகதிகள் காலனிகளை நோக்குக. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெற்று நிலத்தில் மூங்கிலும் தட்டியும் நட்டுக் குடியேறினர். அந்த மண் தம் பெயரில் எழுதப்படுவதற்கு அவர்கள் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவ்வயலாரிடம் கேட்டால், நிலத்தைவிட அதன் எழுத்து எவ்வளவு அருமையானது என்று சொல்வார்கள்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, கோயில் தரிசனத்தோடும் உறவினர் வீட்டு விருந்தோடும் திரும்பிவிடாமல், தந்தையார் பாட்டனார் பெயரில் உள்ள பட்டாவையும் சிட்டாவையும் எடுத்துப் பார்த்துப் பெயர் மாற்றம் செய்து வருக. அந்நிலத்தை நீண்ட நாளாக உழுது வரும் குடி ஒருவர் இருந்தால் அவர் பெயரும் உரிய இடத்தில் ஏறியுள்ளதா என்றும் பார்த்து வருக. நம் பெயர் விடுபடலாகாது என்று விரும்பும் நாம் பிறர் பெயரை விட்டுவிடுதல் முறையன்று. மூன்று நூற்றாண்டுக்கு முன் தீவகத்து உழவன் ஒருவன், தன் கொல்லையின் பெயரும் தன் பெயரும் ஏட்டில் ஏறுவதை அருகில் நின்று பார்த்திருப்பான். அவனுக்கு அது வரியாகவே தோன்றியிருக்கும். அவன் சந்ததிக்கு அதுவே வேலியாயிற்று.